முதல் சிங்கப்பூர் பயணம்: நீல ரயில் கோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்

எங்கள் அருமனைப் பக்கம் வெளிநாடு என்றாலே வளைகுடாதான். வேலைக்குப் போவார்கள், இரண்டு வருடம் கழித்து வருவார்கள். சுற்றிப் பார்ப்பதற்கென்று குடும்பத்தோடு ஒரு பெரிய வெளிநாட்டு நகரத்துக்குப் போவது இப்போதுதான் பழக்கமாகி வருகிறது. களியக்காவிளை தாண்டி ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் திருவனந்தபுரம் விமான நிலையம். அங்கிருந்து நேரடி விமானத்தில் ஏறினால் ஏறக்குறைய நாலரை மணி நேரத்தில் சிங்கப்பூர். நாகர்கோவிலில் ராத்திரி ரயில் ஏறிச் சென்னை போய்ச் சேரும் நேரத்தில் பாதிகூட ஆகாது.

அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு நான் போய்வந்த பிறகு, தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்க ஆரம்பித்தார்கள். என்னென்ன எடுக்க வேண்டும், எங்கே தங்க வேண்டும், ரயிலில் வழி தவறிவிட்டால் என்ன செய்வது. அவர்களுக்குத் தாளில் எழுதிக் கொடுத்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன். இதில் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான். முதல் தடவை போகும்போது ஊர் முழுவதையும் பார்க்க நினைக்காதீர்கள். ஒரு ரயில் பாதையைத் தேர்ந்தெடுத்து, அதை ஒட்டியே தங்கி, அதை ஒட்டியே சுற்றுங்கள். அது எந்தப் பாதை என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் வீட்டில் முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. முக்கால்வாசிச் சிக்கல் அங்கேதான் வருகிறது.

பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறது?

டிக்கெட் விலையைத் தேடுவதற்கு முன்னால் பாஸ்போர்ட்டைக் கையில் எடுங்கள். சிங்கப்பூருக்குள் நுழையும் நாளில் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். அது இருந்தால் அடுத்து பெயர்ப் பக்கத்தைப் பாருங்கள்.

நமக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அந்த இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப்பெயராகக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். இரண்டுமே தவறில்லை. ஆனால் டிக்கெட்டிலும் விசாவிலும் வருகை அட்டையிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். என் சித்திக்குக் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் ஆதாரைப் பார்த்து இனிஷியலைக் குடும்பப்பெயராகப் போட்டுவிட்டார். புறப்படும் இரவில் கவுண்டரில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியதாயிற்று. சித்தி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நீங்க ரெண்டுபேரும் போயிட்டு வாங்க மக்களே, நான் வீட்டுக்குப் போறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது இன்றும் காதில் கேட்கிறது. கடைசியில் அனுமதித்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பதற்றம் யாருக்கும் வேண்டாம். ஒற்றைப் பெயர் உள்ளவர்கள், கட்டத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்று விமான நிறுவனத்திடமே கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

விசாவும் வருகை அட்டையும்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். நாமே நேரில் போய் வாங்க முடியாது. சிங்கப்பூர்த் தூதரகம் அங்கீகரித்த முகவர்கள் வழியாக விண்ணப்பிக்கலாம். முகவர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தூதரக இணையதளத்தில் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். அரசுக் கட்டணம் 30 வெள்ளி. விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது. இதற்கு மேல் முகவரின் கூலி வரும், அது எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். அங்குள்ள தமிழர்கள் டாலர் என்று சொல்வதில்லை, வெள்ளி என்பார்கள். காதைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

விசா மின்னணு வடிவில் வரும். அச்செடுத்து இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில்.

வருகை அட்டை வேறு. அது விசா இல்லை. சிங்கப்பூரில் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவம். அங்குள்ள குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் தளத்தில் இலவசமாகவே செய்யலாம். இதற்குக் காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசின் தளம் இல்லை. வயதானவர்களுக்கு நாமே நிரப்பிவிடலாம், ஒரே தடவையில் குடும்பத்துக்கே சேர்த்தும் நிரப்பலாம்.

எப்போது போவது

வெயிலும் மழையும் நம்மூர் மாதிரிதான். நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே இருப்பதால் வருடம் முழுக்கப் புழுக்கம். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை கூடுதல். குடை கட்டாயம். சீனப் புத்தாண்டு சமயத்தில் பல கடைகள் மூடியிருக்கும். கார் பந்தயம் நடக்கும் செப்டம்பர், அக்டோபர் வாரத்தில் அறை வாடகை ஏறிவிடும். தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் எனக்குப் பிடிக்கும். அங்கே தீபாவளி அரசு விடுமுறை. சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு கட்டியிருப்பார்கள்.

பெட்டி கட்டும் இரவு

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம்.

நம் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்று தெரிந்தால் பக்கத்து வீட்டு மாமி ஒரு பொதியோடு வந்துவிடுவார். மகன் அங்கே இருக்கிறான், இதை மட்டும் கொடுத்துவிடு. அன்பினால் கொடுப்பதுதான். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராது. எங்களுக்கும் அப்படி ஒரு பொதி வந்தது. பழைய செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, உள்ளே ஒரு தகர டப்பா. திறந்தால் ஏத்தங்காய் சிப்ஸ், அதற்குக் கீழே சின்னப் பாலித்தீன் உறையில் குருமாவுக்கு வறுத்த மசாலா. விரலால் கிளறிப் பார்த்தேன். சோம்பு, பட்டை, கிராம்புக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகக் கசகசா.

கசகசா நமக்கு சமையல் பொருள். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாத பொருள். ஓப்பியம் எடுக்கும் செடியின் விதை அது. மார்ஃபின் ஒட்டியிருக்கலாம் என்பதுதான் காரணம். வளைகுடா போய்வந்தவர்களுக்கு இது தெரியும், அங்கேயும் அதே கண்டிப்பு. போதைப்பொருளுக்கு மரண தண்டனை வரை கொடுக்கும் நாடு சிங்கப்பூர். கசகசாவுக்கு அந்தத் தண்டனை இல்லை என்றாலும், சுங்கச் சோதனையில் நின்று விளக்கம் சொல்லும் நிலை வரக் கூடாது. மசாலாவை எடுத்து மாமியிடமே திருப்பிக் கொடுத்து, காரணத்தைப் பொறுமையாகச் சொன்னேன். முதலில் முகம் வாடினார். அப்புறம் அவரே உட்கார்ந்து கசகசா இல்லாமல் புதிதாக வறுத்துக் கொடுத்தார்.

ஆகவே யார் கொடுத்தாலும் பொதியைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, நீங்களே திரும்பக் கட்டுங்கள். பிரிக்க வேண்டாம் என்று சொல்பவரின் பொதியை வாங்கவே வாங்காதீர்கள்.

வேறு எதெல்லாம் ஆகாது? வெற்றிலையோடு போடும் புகையிலை, குட்கா, கைனி எதுவும் கூடாது. மெல்லும் புகையிலைக்கு அங்கே முழுத் தடை. மின்சிகரெட்டும் அப்படியே. சிகரெட் ஒரு பாக்கெட் கொண்டுபோனாலும் அறிவித்துத் தீர்வை கட்ட வேண்டும், அதற்குச் சலுகையே கிடையாது. சூயிங்கம் 1992 முதல் தடை. கருவாடு, இறைச்சி ஊறுகாய் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். கொப்பரை வேண்டாம், எண்ணெய்ப் பசை உள்ளதால் எளிதில் தீப்பற்றும் என்று நம் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

மருந்துகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்குத் தேவையான அளவுக்குள் இருக்கட்டும். தூக்க மாத்திரையோ, கோடீன் கலந்த இருமல் மருந்தோ இருந்தால் முன்கூட்டியே அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். மின்சாரம் நம்முடைய 230 வோல்ட்தான், ஆனால் பிளக் சதுரமான மூன்று கால் உள்ளது. இங்கேயே ஒரு அடாப்டர் வாங்கிவிடுங்கள். வயதானவர்கள் வந்தால் பயணக் காப்பீடு எடுக்காமல் கிளம்பாதீர்கள். அங்கே மருத்துவமனைச் செலவு நம்மால் தாங்க முடியாதது.

பணம்

கொஞ்சம் வெள்ளி நோட்டும் ஒரு கார்டும் போதும். நோட்டை அங்கீகாரம் பெற்ற அந்நியச் செலாவணிக் கடையில் ரசீதோடு மாற்றுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, தினசரி வரம்பையும் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே போய் இறங்கிவிட்டு ஓடிபிக்காகக் காத்திருக்க நேர்ந்தால் பெரிய தொல்லை.

உணவகப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், அதற்கு மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதமும், பிறகு வரி 9 சதவீதமும் சேரும் என்று பொருள். 20 வெள்ளி என்று நினைத்த சாப்பாடு 24 வெள்ளியாக வருவது இப்படித்தான்.

நீலக் கோடு

சரி, இப்போது ரயிலுக்கு வருவோம். சிங்கப்பூரில் எம்ஆர்டி என்ற நகர ரயிலின் பாதைகள் நிறம் நிறமாக இருக்கும். சிவப்பு, பச்சை, ஊதா, ஆரஞ்சு, நீலம், பழுப்பு. வரைபடத்தைப் பார்த்தால் முதலில் தலை சுற்றும். நீலத்தை மட்டும் பாருங்கள். அதன் பெயர் டவுன்டவுன் லைன். நிலையங்களுக்கு டிடி என்ற எழுத்தோடு எண் இருக்கும். லிட்டில் இந்தியா 12. அங்கிருந்து ஒரு பக்கம் மூன்றாவது நிலையம் தாவரவியல் பூங்கா, 9. மறுபக்கம் நான்காவது நிலையம் பேஃபிரண்ட், 16. மரினா பே, கார்டன்ஸ் பை த பே எல்லாம் அங்கேதான். இன்னும் மூன்று நிலையம் போனால் சைனாடவுன், 19. எண் கூடுகிறதா, குறைகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், திசை தவறாது. என் அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. இரண்டாம் நாளே "நமக்குப் பன்னிரண்டுல்லா, இன்னும் மூணு இருக்கு" என்று எனக்குச் சொன்னார். சில அறிவிப்புகள் தமிழிலும் வரும். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று.

அதனால் அறையை லிட்டில் இந்தியாவில், நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் எடுங்கள். அறைகள் சின்னதாக இருக்கும். ஜன்னல் இல்லாத அறைகளும் உண்டு, பதிவு செய்யும்போதே பாருங்கள். கேலாங் பகுதியில் வாடகை குறைவாகக் காட்டும். அங்கே சில சந்துகள் குடும்பத்தோடு தங்க ஏற்றவை அல்ல.

இறங்கும் நாளுக்கு மட்டும் மணிக்கணக்கில் திட்டம் வேண்டும். சாங்கி விமான நிலைய ரயில் நிலையம் 2ம் முனையத்துக்கும் 3ம் முனையத்துக்கும் கீழே இருக்கிறது. 1ம் முனையத்தில் இறங்கினால் அடையாளப் பலகையைப் பார்த்து நடந்தோ, முனையங்களுக்கு இடையே ஓடும் ஸ்கைட்ரெயினிலோ அங்கே வரலாம். அங்கே ஏறி முதல் நிறுத்தமான எக்ஸ்போவில் இறங்குங்கள். அதுவும் நீலக் கோட்டில் உள்ள நிலையம்தான், 35. அங்கே மாறி உட்கார்ந்தால் நேரே லிட்டில் இந்தியா. தொலைவு அதிகம், ஆனால் மாறுவது ஒரே இடத்தில். பெட்டி நிறைய இருந்தாலோ, ரயில் ஓயும் நள்ளிரவில் இறங்கினாலோ டாக்ஸி எடுங்கள். இரவு 12 முதல் காலை 6 வரை மீட்டருக்கு மேல் பாதி கூடும் என்பது தெரிந்திருக்கட்டும்.

ஒற்றைப் பயணச் சீட்டு இப்போது கிடையாது. தொட்டாலே பணம் கழியும் தொடுமுறை கார்டை வாயிலில் தட்டி உள்ளே போய், வெளியே வரும்போது மறுபடி தட்ட வேண்டும். ஒருவருக்கு ஒரு கார்டு. ஒரே கார்டில் இரண்டு பேர் போக முடியாது. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். அம்மா அப்பாவுக்கு நிலையத்திலேயே ஈஸி-லிங்க் என்ற பயணக் கார்டு வாங்கிக் கொடுங்கள். பஸ்ஸில் இறங்கும்போது தட்ட மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணத்தைப் பிடித்துவிடும். 90 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை.

இரவு விமானத்தில் வந்தால் விடியலில் போய்ச் சேருவீர்கள். அறை பிற்பகலில்தான் கிடைக்கும். பெட்டியை விடுதியில் வைத்துவிட்டு, நிலையத்தை ஒட்டியுள்ள தேக்கா மையத்தில் சாப்பிட்டு, சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோவிலுக்கு மெல்ல நடந்து போங்கள். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ள மறக்காதீர்கள். அன்று வேறு எதுவும் வேண்டாம். மதியம் தூங்கி எழுந்து, சாயங்காலம் பேஃபிரண்ட் போனால் கார்டன்ஸ் பை த பேயில் பெரிய செயற்கை மரங்களில் 7.45க்கும் 8.45க்கும் ஒளிக்காட்சி இருக்கும். இலவசம். தரையில் மல்லாந்து படுத்துப் பார்க்கிறவர்கள்தான் அதிகம், நீங்களும் படுங்கள்.

ரப்பர் வெட்டுக்காரர் வீட்டிலிருந்து போகிறவர்களுக்கு

இரண்டாம் நாள் காலை தாவரவியல் பூங்காவுக்குப் போகச் சொல்வேன். 1859ல் தொடங்கியது, 2015ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. காலை 5 மணிக்கே திறந்துவிடுவார்கள், நுழைவு இலவசம். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு. பலர் பூவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நமக்கு அங்கே வேறொரு சொந்தம் இருக்கிறது.

1877ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் இங்கே வந்தன. 1888ல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை இங்கேதான் செய்து பார்த்தார். பட்டையை மட்டும் மெல்லச் சீவி, சாய்வாகக் கோடு இழுத்து, மறுநாள் அதே கோட்டைத் திறந்து பால் எடுக்கும் முறை. எல்லாரும் காப்பி பயிரிட்ட காலத்தில் ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களைத் துரத்தித் துரத்திச் சொன்னதால் அவருக்குக் கிறுக்கு ரிட்லி என்றே பெயர். விடியற்காலை தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நம் அப்பாக்கள் மரத்துக்கு மரம் போய் இழுக்கும் அந்தச் சாய்ந்த கோடு இந்தத் தோட்டத்தில் பிறந்தது. அம்மா அங்கே ஒரு மரத்தடியில் நின்று பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டில் 120 மரம் உண்டு.

மூன்றாம் நாள் சைனாடவுன். சீனர் தெரு நடுவே 1827ல் எழுந்த மாரியம்மன் கோவில்; சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோவில் அதுதான். நாலாவது நாள் இருந்தால் குழந்தைகளைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மாண்டாயில் விலங்குக் காட்சிசாலையா, செந்தோசாத் தீவா, இரண்டில் ஒன்று. இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் எதையும் பார்த்ததாக இருக்காது.

சாப்பாடும் சாயாவும்

உணவங்காடி நிலையங்களில் ஆறேழு வெள்ளிக்கு வயிறு நிறையச் சாப்பிடலாம். மேசை மேல் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள், உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நாமேதான் எடுத்துக் குறிப்பிட்ட இடத்தில் வைக்க வேண்டும். 2021 முதல் இது கட்டாயம். சைவக்காரர்கள் காய்கறி என்று சொன்னால் மட்டும் போதாது, மீனோ இறாலோ சிப்பிச் சாறோ கலந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், புட்டி ஒன்று கையில் இருக்கட்டும்.

சாயா கேட்க ஒரு சின்னப் பாடம். வெறுமனே தே என்றால் இனிப்புக் கட்டிப்பால் ஊற்றிய தித்திப்புச் சாயா. தே சி என்றால் இனிப்பில்லாத கெட்டிப்பாலும் சீனியும். தே ஓ என்றால் பால் இல்லாத கட்டன் சாயா. சீனி வேண்டாம் என்றால் பின்னால் கொசோங் என்று சேருங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் தே சி கொசோங் என்று மனப்பாடம் செய்துகொண்டால் போதும். சித்தி அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தார்.

ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். 500 வெள்ளி வரை அபராதம். நம்மூர்ச் சக்கை, அதாவது பலாப்பழம் மாதிரி முள்ளோடு இருக்கும் டுரியான் பழத்தையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. ஆபத்துக்குப் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995.

ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடமிருக்காது. வாரம் முழுக்கக் கட்டட வேலை செய்யும் நம் ஆட்கள் ஒன்றுகூடும் நாள் அது. கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்காமல், பேச்சுக் கொடுங்கள். எந்தக் கடையில் விலை குறைவு, எந்த வழி சுருக்கு என்று அவர்களைப் போல யாராலும் சொல்ல முடியாது.

திரும்பும் நாள்

ஒரே நாளில் ஒரே கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கியிருந்தால் வரியைத் திரும்பப் பெற வழி உண்டு. வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டியிருக்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்னாலேயே வரித்திருப்பு இயந்திரத்துக்குப் போங்கள், பொருளைக் காட்டச் சொன்னால் கையில் இருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின இரவு மாமியின் மகன் விடுதிக்கு வந்து, அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார். அவர் எதிரிலேயே பிரித்தேன். தைல டப்பா ஆறு, ஒரு சேலை, ஒரு டார்ச் லைட். டார்ச்சில் இருந்த பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் போட்டு, மற்றதை என் துணிகளுக்கு நடுவில் அடுக்கினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சேலையை மடித்துக் கொடுத்தார்.